பந்தி ஒண்ணு, பானை பன்னெண்டு

வா மாப்ள, இப்படித் திண்ணையில உக்காரு. சிங்கப்பூர்லேருந்து வந்து பெட்டியைக்கூடப் பிரிக்கலையாம். அதுக்குள்ள இந்த ஆடியிலயே மொய் விருந்து வெக்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறியாம். எங்க அக்கா காலையிலயே வந்து சொல்லிட்டுப் போச்சு. கேட்டதும் எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. சொந்தபந்தம், சேத்தாளி, ஊரு உறவு எல்லாத்தையும் ஒருநாள் கூட்டி வெச்சு வயிறு நெறையக் கறிச்சோறு போடணும்ங்கிற எண்ணம் இந்தக் காலத்துல எந்தப் புள்ளைக்கு வருது? என்னது? செலவை வர்ற மொய்யில கழிச்சுக்கலாமா? மிச்சத்துல காரு வாங்கணுமா? சரிதான். வெளிநாடு போயும் நீ கெட்டுப்போகல, நம்ம ஊருப் புள்ளையாத்தான் திரும்பி வந்திருக்கே.

மாமன் நாலு வார்த்தை சொல்றேன், கேட்டுக்க. கேக்காட்டியும் சொல்லத்தான் போறேன். தாய்மாமனுக்கு அந்த உரிமை உண்டு.

மத்த ஊருல ஆடி பொறந்தா கல்யாணம் காச்சி கிடையாது, அம்மனுக்குக் கூழ் ஊத்திட்டு அவனவன் செவனேன்னு கெடப்பான். நம்ம பக்கம் அப்படியா? வடகாடு, மாங்காடு, அனவயல், புள்ளான்விடுதி, நெடுவாசல், கீரமங்கலம், கொத்தமங்கலம், குளமங்கலம்னு ஆலங்குடி வட்டாரம் முச்சூடும், அந்தாண்ட தஞ்சாவூர் ஜில்லாவுல பேராவூரணி வரைக்கும், ஆடியும் ஆவணியும் வந்தா ரோட்டோரம் பூரா பந்தலும் பிளக்ஸும்தான். ஏன் ஆடியிலன்னு கேளு. கல்யாண மண்டபம் எல்லாம் ஆளில்லாம ஈ ஓட்டும், வாடகை சல்லிசா கெடைக்கும். ஆடிப்பட்டத்துக்கு வெதை வாங்கணும், உரம் வாங்கணும், போர்ல எறக்குன மோட்டாரு புகைஞ்சு போயிருக்கும். சம்சாரி கையில காசு இல்லாத மாசம் எதுவோ அந்த மாசத்துலதான் அவனுக்கு ஊருக்கே விருந்து வெக்கணும்னு ஆசை வரும். பாங்கிக்காரன்கிட்ட போனா ஜாமீன் கேப்பான், கந்துவட்டிக்காரன்கிட்ட போனா கழுத்தைக் கேப்பான். சொந்தக்காரன் ஒருத்தன்தான் வட்டியில்லாமக் குடுத்துட்டு, கறி நல்லா வெந்திருந்துச்சுன்னு சொல்லிட்டும் போவான்.

முன்னெல்லாம் இதுக்கு ஒரு சாக்கு வேணும். புள்ளைக்குக் காதுகுத்துன்னு பத்திரிகை அடிப்பாங்க. போய்ப் பாத்தா அந்தப் புள்ளை ஏற்கெனவே கடுக்கன் போட்டுக்கிட்டுப் பந்தல்ல ஓடிக்கிட்டு இருக்கும். குத்துன காதுலயே மறுபடியும் குத்தறதுக்கு ஆசாரியும் கூச்சப்படமாட்டாரு, கூட்டமும் கேள்வி கேக்காது. புதுமனை புகுவிழான்னு கூப்பிடுவாங்க; வீட்டுக்கு வெள்ளையடிச்சிருப்பாங்க, அவ்வளவுதான். இப்ப அந்த வெக்கமெல்லாம் போயாச்சு. பத்திரிகையிலயே கொட்டை எழுத்துல 'மொய் விருந்து'ன்னு போட்டுடறோம். எனக்கு இது பிடிச்சிருக்கு மாப்ள. பொய் சொல்லிக் கூப்பிடறதைவிட, காசோட வான்னு கூப்பிடறது எவ்வளவோ மரியாதை.

ராசா காலத்துல நவராத்திரிக்குப் புதுக்கோட்டை அரண்மனையில அரிசியும் குடுத்து, கூடவே ஒரு அம்மன் காசும் குடுப்பாங்களாம். சின்னச் செப்புக்காசு. ஒரு பக்கம் பிரகதாம்பா, மறு பக்கம் தெலுங்குல 'விஜய'ன்னு எழுதியிருக்கும். சோறும் போட்டுக் காசும் குடுத்தாங்க அந்தத் தொண்டைமான்கள். 1948ல சமஸ்தானம் இந்தியாவோட சேந்துச்சு, அம்மன் காசு இப்ப பழங்காசு சேக்கறவன் டப்பாவுல கெடக்கு. சோத்தைப் போட்டுக் காசு வாங்கற நாம ஆடிக்கு ஆடி தழைச்சுக்கிட்டு இருக்கோம். யாரு புத்திசாலின்னு நீயே சொல்லு.

சரி, வேலைக்கு வருவோம். தனியா விருந்து வெக்கப்போறியா, கூட்டா வெக்கப்போறியா? தனியா வெச்சா பந்தல், பாத்திரம், சமையக்காரன், கெடா எல்லாம் உன் தலையில. அதனாலதான் நம்மாளு பத்து இருபது பேராச் சேந்து ஒரே பந்தல்ல வெக்கிறான். செலவைப் பங்கு போட்டுக்குவான், வரவைப் போட்டுக்கமாட்டான். ஆளுக்கு ஒரு மேசை, மேசைக்கு ஒரு பேருப் பலகை, ஒரு நோட்டு, ஒரு சில்வர் பானை. வர்றவன் ஒரு எலையில உக்காந்து ஒரு வாட்டி சாப்பிடுறான். எந்திரிச்சுக் கை கழுவிட்டுத் திரும்புனா பன்னெண்டு மேசை வரிசையா உக்காந்து அவனையே பாத்துக்கிட்டு இருக்கும். ஒருத்தன் பங்காளி, ஒருத்தன் சகலை, ஒருத்தன் பள்ளிக்கூடத்துச் சேத்தாளி, ஒருத்தன் பக்கத்து வயக்காரன். யாரைத் தாண்டிப் போவான்? சோறு ஒரு வயித்துக்கு, மொய் பன்னெண்டு பானைக்கு. இதைக் கண்டுபிடிச்சவன் மட்டும் வெள்ளைக்காரனா இருந்திருந்தா அவன் படத்தைப் பாங்கிச் செவுத்துல மாட்டியிருப்பாங்க.

எழுதறதுக்கு ஆள் புடிக்கிறதுலதான் சூட்சுமம் இருக்கு. கையெழுத்து அழகா இருக்குன்னு கல்லூரிப் பையனைப் புடிச்சு உக்கார வெச்சுடாதே. அவனுக்கு ஊரு தெரியாது. 'ரா. முருகேசன், கொத்தமங்கலம்'னு எழுதி வெச்சுட்டுப் போயிடுவான். கொத்தமங்கலத்துல ரா. முருகேசன் எத்தனை பேருன்னு அந்த முருகனுக்கே தெரியாது. பழம் தின்னு கொட்டை போட்ட ஆளா ஒருத்தரை உக்கார வை. நான் பாத்திருக்கேன், மேசையில உக்காந்தவரு நிமிந்துகூடப் பாக்கமாட்டாரு. எதுக்க வந்து நிக்கிறவரோட காலைப் பாத்தே யாருன்னு கண்டுக்குவாரு. "மேலத்தெருவா, டீக்கடைக்காரரு தம்பியா?" ம்னா போதும். அப்பன் பேரு, தெரு, தொழிலு, பட்டப்பேரு நாலும் ஒரே வரியில ஏறிடும். பக்கத்துல உக்காந்தவன் எச்சியத் தொட்டு நோட்டை எண்ணி, தொகையைச் சத்தமாச் சொல்லிப் பானையில போடுவான். அந்தச் சத்தம் முக்கியம் மாப்ள. பின்னால வரிசையில நிக்கிறவன் காதுல விழணும். 500 எடுத்து வெச்சுக்கிட்டு நிக்கிறவன், முன்னால போறவனுக்கு 2,000ன்னு சொன்னதைக் கேட்டதும் திரும்பவும் டவுசர் பையில கைய விடுவான் பாரு, அதுக்குத்தான் சத்தம்.

இப்ப கம்ப்யூட்டர்ல எழுதி ரசீது அடிச்சுக் குடுக்கிறாங்க. நோட்டு எண்ணற மிஷினு வந்தாச்சு. கேமரா வந்தாச்சு. பெரிய விருந்துன்னா பாங்கிக்காரங்களே பந்தலுக்கு வந்து எண்ணி வாங்கிட்டுப் போறாங்க. துபாய்ல இருக்கறவன் போன்லயே மொய்யை அனுப்பிடறான். பாவம், அவனுக்குக் கறியை மட்டும் இன்னும் போன்ல அனுப்ப முடியல.

அடுத்தது நடை. இதைக் கவனமாக் கேளு, கோட்டை விட்டா உறவு போயிடும். உங்க அப்பாவுக்கு ஒருத்தரு முன்னால 2,000 செஞ்சிருக்காருன்னு வெய்யி. இப்ப அவரு விருந்துக்கு நீ போறே. அந்த 2,000 பழைய நடை, அதைக் கண்டிப்பா வெச்சாகணும். அதுக்கு மேல 500ஓ 1,000ஓ சேத்து வெப்பே பாரு, அது புது நடை. அந்தப் புது நடையை அவரு அடுத்த வாட்டி உனக்குச் செய்யணும், அதுக்கு மேல அவரு ஒரு புது நடை போடுவாரு. இப்படியே ரெண்டு வீடும் ஒண்ணுக்கொண்ணு கடன்பட்டுக்கிட்டே இருக்கும். நீ பாட்டுக்குக் கணக்கா 2,000 மட்டும் வெச்சுட்டுத் துண்டை ஒதறிட்டு வந்தீன்னா, ஒறவை முடிச்சுக்கிட்டேன்னு அர்த்தம். அன்னிக்கு ராத்திரியே அவரு வீட்டம்மா கேக்கும், "அந்தச் சிங்கப்பூர்க்காரன் பொண்டாட்டிகிட்ட நாம என்ன சொல்லிட்டோம்?"னு. கோர்ட்டுக்குப் போகாம, ஒரு கெட்ட வார்த்தை பேசாம, சிரிச்ச மொகத்தோட ஒறவை வெட்டிவிடறதுக்கு இதைவிட நாசூக்கான வழி ஒலகத்துலயே கிடையாது.

அதே மாதிரி ஒட்டறதுக்கும் இதான் வழி. வாய்க்கா வரப்புத் தகராறுல மொகத்தைத் திருப்பிக்கிட்டுப் போற ரெண்டு பங்காளிங்க இருக்காங்க, பேரு வேண்டாம், உனக்கே தெரியும். பொங்கலுக்குப் பேசமாட்டாங்க, சாவுக்குக்கூட ஒருத்தன் மாலையை இன்னொருத்தன் மாலை மேல படாம வெப்பாங்க. ஆனா ஒருத்தன் மொய் விருந்துக்கு இன்னொருத்தன் வந்தே ஆகணும். நோட்டுல இருக்கே! மொறைச்சுக்கிட்டே வருவான், மொறைச்சுக்கிட்டே சாப்பிடுவான், புது நடையும் சேத்து வெச்சுட்டு மொறைச்சுக்கிட்டே போவான். அன்பு கூட்டுற கூட்டம் நாலு வருஷத்துல கரைஞ்சுடும். கடன் கூட்டுற கூட்டம் மூணு தலைமொறைக்கு வரும்.

நோட்டில்லாத விருந்தும் நம்ம ஜில்லாவுல உண்டு. தை மாசம் ஜல்லிக்கட்டு அன்னிக்கு ஏதாவது ஒரு ஊருக்குப் போய்ப் பாரு. மாடு புடிக்க வந்தவன், பாக்க வந்தவன், வழி தெரியாம வந்தவன் எல்லாத்தையும் கையப் புடிச்சு இழுத்து எலை போடுவாங்க. யாரு எவருன்னு கேக்கமாட்டாங்க. பேரே கேக்காத எடத்துல மொய் எங்க எழுதறது? அந்தச் சோத்து ருசியே வேற. ஆனா அதுல காரு வாங்க முடியாது மாப்ள, உனக்குத் தோதுப்படாது.

என் பேத்தி திருச்சியில காலேஜு படிக்குது. அது ஒரு கதை சொல்லுச்சு. கனடாவுல மேக்குக் கடலோரம் பூர்வகுடி ஜனங்க 'பொட்லாட்ச்'னு ஒரு விருந்து வெப்பாங்களாம். ஊரையே கூப்பிட்டுச் சோறு போட்டு, கம்பளியும் சாமானும் அள்ளி அள்ளிக் குடுப்பாங்களாம். யாரு அதிகமாக் குடுக்குறானோ அவனுக்குத்தான் மருவாதி. இப்படிக் குடுத்தே வீணாப் போறாங்கன்னு கவுருமெண்டு 1885ல அதுக்குத் தடை போட்டு, 1951லதான் விட்டுச்சாம். "தாத்தா, நம்ம மொய் விருந்து மாதிரியே இருக்கு இல்ல?"ன்னு கேட்டுச்சு. எங்கடி மாதிரியே இருக்கு? அவன் குடுக்கறதுல பெரிய மனுசன் ஆனான், நாம வாங்கறதுல ஆகுறோம். எவ்வளவு வந்துச்சுங்கிறதைத்தானே நம்மூரு டீக்கடையில பேசுறாங்க? எவ்வளவு திருப்பிக் குடுக்கணும்ங்கிறதை எவனாவது பேசி நீ கேட்டிருக்கியா?

அதைத்தான் உன்கிட்ட சொல்ல வந்தேன். 2019 ஆடியில வடகாட்டுல ஒரு விவசாயிக்கு 4 கோடி மொய் வந்துச்சுன்னு பேப்பர்ல எல்லாம் போட்டாங்க. ஒரு டன் ஆட்டுக்கறின்னாங்க. 2022 ஆவணியில பேராவூரணியில சட்டமன்ற உறுப்பினர் வெச்ச விருந்துக்கு 10 கோடியைத் தாண்டுச்சுன்னாங்க. நீ அந்த நம்பரைத்தான் போன்ல பாத்துட்டு வந்திருக்கே. வந்த காசைத்தான் பேப்பர்க்காரன் எழுதுவான், அது அத்தனையும் அஞ்சு வருஷத்துக்குள்ள வீடு வீடாத் திரும்பிப் போறதை அவன் வந்து படம் புடிக்கமாட்டான். அஞ்சு வருஷத்துக்கு ஒரு வாட்டிதான் ஒரு ஆளு விருந்து வெக்கலாம், அதான் நம்ம பக்கத்துக் கட்டு. ஒருநாள் வாங்கறே, மிச்ச நாளெல்லாம் குடுத்துக்கிட்டே இருக்கே. ஆடி ஆவணியில ஒரே நாள்ல ரெண்டு ஊருல விருந்து இருக்கும். காலையில ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு. கறி தின்னு தின்னு நாக்கு செத்துப்போயி, ரசம் இருக்கான்னு கேட்டுக்கிட்டு நிப்பே. அப்ப பீரோவைத் தொறந்தா காசு இருக்காது, உன் பொண்டாட்டி சங்கிலிதான் இருக்கும். அதை அடகு வெச்சு அடுத்தவன் பானையில போட்டுட்டு வந்த குடும்பங்க நம்ம தெருவுலயே இருக்கு. வட்டியில்லாக் கடனைக் கட்டறதுக்கு வட்டிக்குக் கடன் வாங்கறவன், இந்த ஒலகத்துல நம்மளைத் தவிர வேற எவனும் கிடையாது.

சாமி வேற நடுநடுவுல வெளையாடும். 2016 நவம்பர் 8 ராத்திரி 500ம் 1,000மும் செல்லாதுன்னாங்க. ஆடியில வாங்குன மொய்யைப் பானையிலயே வெச்சு அழகு பாத்தவன் எல்லாம் பாங்கி வாசல்ல ஆதார் அட்டையோட நின்னான். ரெண்டு வருஷம் போச்சு, 2018 நவம்பர் 16 விடியக்காலையில கஜா புயல் வந்துச்சு. வடகாட்டுலயும் கீரமங்கலத்துலயும் தென்னையும் பலாவும் வாழையும் வேரோட சாஞ்சு கெடந்ததை நீயும்தான் பாத்தே. தோப்பு போனவன் எதை வெச்சு மொய் செய்வான்? அதுக்கப்புறம் 2020ல கொரோனா. பந்தலே போடக்கூடாதுன்னுட்டாங்க. அந்த வருஷம் மொறை வந்தவன் நெலைமையை நெனச்சுப் பாரு. நாலு வருஷம் ஊருக்கெல்லாம் செஞ்சுட்டு, அவன் வாங்க வேண்டிய ஆடி வந்தப்ப மொகத்துல மூடி போட்டுக்கிட்டு வீட்டுக்குள்ள உக்காந்திருந்தான். மரம் போச்சுன்னா நிவாரணம்னு மனுக் குடுக்கலாம். மொய் போச்சுன்னு எந்தத் தாசில்தார்கிட்டப் போய் மனுக் குடுப்பே?

அதுக்காக நான் வேண்டாம்னு சொல்லல. புதுசா போர் போட்டவன், மகளைக் கட்டிக் குடுத்தவன், புள்ளையை இன்ஜினியரிங் சேத்தவன்னு இந்தப் பானைக் காசுல தலை நிமிந்தவன் எத்தனையோ பேரு. காசு வந்ததும் அதை மண்ணுல போட்டவன் பொழைச்சான், சக்கரத்துல போட்டவன் மாட்டிக்கிட்டான். காருன்னதும் அதான் எனக்கு வயித்தைக் கலக்குது. நீ அந்தக் காருலயே ஏறி ஊரூரா மொய் வெக்கப் போகலாம். பெட்ரோல் போடவும் காசு மிச்சம் இருந்தாச் சரி.

பிளக்ஸைப் பத்தி ஒரு வார்த்தை. உன் மொகம், உன் மகன் மொகம், தலைவரு மொகம், நடிகரு மொகம், கீழ வரவேற்கும் மாமன் மச்சான்னு நாப்பது மொகம் போடுவே. போடு. எவன் மொகம் சின்னதாப் போச்சோ அவன் அன்னிக்கே புது நடையைக் கொறைச்சுடுவான், அதை மட்டும் ஞாபகத்துல வெச்சுக்க. குளமங்கலத்துல பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயில் குதிரை 33 அடி ஒசரம் நிக்கிது. மாசி மகத்துக்கு ஊரூரா வந்து காயிதப்பூ மாலை போட்டு அதை மூடிப்புடுவாங்க. அத்தனை மாலை வாங்குனாலும் அந்தக் குதிரை ஒருத்தனுக்கும் திருப்பிப் போட வேண்டியதில்ல. பிளக்ஸுல ஒசரமா நிக்கிறவன் எல்லாம் தன்னை அந்தக் குதிரைன்னு நெனச்சுக்கிறான். அங்கதான் தப்பு.

கறியில கை வெக்காதே. சந்தைப்பேட்டையில கெடா வாங்கப் போறப்ப வெவரம் தெரிஞ்சவனைக் கூட்டிட்டுப் போ. மொதப் பந்திக்குக் கறியும் கடைசிப் பந்திக்கு உருளைக்கெழங்கும் போட்டீன்னா, கடைசிப் பந்தியில சாப்பிட்டவன் அஞ்சு வருஷமும் அந்த உருளைக்கெழங்கைப் பத்தியே பேசுவான். சேத்தாளிங்களைப் பந்தி பரிமாற விடு, கொல்லைப்பக்கம் பாட்டில் தொறக்க விடாதே. மொய் மேசைகிட்ட எவனையும் ஒட்ட விடாதே. நோட்டை உன் பொண்டாட்டி கையில குடுத்துடு. நீ எங்க வெச்சேன்னு தேடுவே. அது நோட்டே இல்லாம, யாரு எவ்வளவு வெச்சா, என்ன சேலை கட்டிக்கிட்டு வந்தா, எத்தனை புள்ளையைக் கூட்டிட்டு வந்தாங்கிறது வரைக்கும் சொல்லும்.

கடைசியா ஒண்ணு. இந்த ஆடி உனக்கு வேண்டாம், ஆவணியில வை. மாமன் சொன்னா காரணம் இருக்கும். ஆடியில ஏகப்பட்ட விருந்து, சனங்க கையில காசு பிரிஞ்சு போயிடும், பந்தல்காரன் கெடைக்கமாட்டான், சமையக்காரன் கெராக்கி பண்ணுவான். அதோட, உங்க அப்பா வெச்ச விருந்துக்கு நான் 5,000 செஞ்சிருக்கேன். மச்சான் நோட்டுல மொதப் பக்கத்துல மொத வரியே என் பேருதான். ராத்திரி எடுத்துப் பாத்துக்க. உனக்கு இன்னும் யாரும் சொல்லியிருக்கமாட்டாங்க, நீ நேத்துத்தானே வந்தே. ஆடி 25 என் விருந்து, பத்திரிகை அச்சாபீசுல இருக்கு. தங்கச்சி மகன், அக்கா மகன்னு எல்லாரும் குடும்பத்தோட வந்துடுங்க. பழைய நடை 5,000. புது நடை உன் இஷ்டம், சிங்கப்பூர் சம்பளத்துக்கு எது கௌரவமோ அதைப் பாத்துச் செய்.